லாம்போர்ட் கடிகாரம்

லாம்போர்ட் கடிகாரம் என்பது பரவல் கணிமையில் நிகழ்வுகளை வரிசைப்படுத்த உதவும் ஓர் எண்ணி ஆகும். இதனை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978 ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றில் முன்வைத்தார்.

வலையமைப்பில் இணைந்துள்ள கணினிகளின் கடிகாரங்கள் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. ஒரு கணினி 10:00:05 மணிக்கு அனுப்பிய செய்தியை மற்றொன்று 10:00:03 மணிக்கே பெற்றதாகப் பதிவு செய்யக்கூடும். ஒரே வங்கிக் கணக்கின் வரவும் பற்றும் வெவ்வேறு கணினிகளில் பதிவானால், பணம் போடும் முன்னரே எடுக்கப்பட்டதாகத் தோன்றும்.

லாம்போர்ட்டின் எண்ணியில் மணிக்கு இடமில்லை. ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்திருந்து, நிகழ்வுதோறும் அதனுடன் 1 கூட்டும். அனுப்பும் செய்தியுடன் அவ்வெண்ணும் செல்லும். பெறும் கணினி, தன் எண், வந்த எண் ஆகிய இரண்டில் பெரியதை எடுத்து 1 கூட்டிக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, 7 என்ற எண்ணுடன் வரும் செய்தியை, 4 இல் நிற்கும் கணினி 8 எனக் குறிக்கும். எனவே விளைவின் எண் காரணத்தின் எண்ணை விட எப்போதும் பெரியதாகவே இருக்கும்.

இதன் மறுதலை உண்மையன்று என்பது எளிதில் மறக்கப்படுவது. சிறிய எண் பெற்ற நிகழ்வே பெரிய எண் பெற்றதற்குக் காரணம் எனக் கொள்ள இயலாது. அவை தொடர்பற்றவையாகவும் இருக்கலாம். 1980களின் இறுதியில் உருவான திசையன் கடிகாரம் இக்குறையை நீக்கியது. ஆனால் அதில் ஒவ்வொரு செய்தியும் கணினிக்கு ஓர் எண் வீதம் சுமந்து செல்ல வேண்டும்.

லாம்போர்ட்டுக்கு 2013 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது.