பட்டாளத்துப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு

இங்கிலாந்து வானொலி நேயர்களை ஒரு தலைமுறைக் காலம் விலா நோகச் சிரிக்க வைத்த ஸ்பைக் மில்லிகன் என்பார் பிறந்த ஊர் லண்டன் அன்று. மகாராஷ்டிரத்து அகமத்நகரே ஆகும். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அங்கே பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் ஊழியம் செய்த ஐரிஷ்காரர். பிள்ளைப் பருவம் புனாவிலும் ரங்கூனிலும் கழிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சேனையில் சேர்ந்து இத்தாலியில் காயமும் பட்டார். இவ்வளவும் இருந்தும், 1960-களின் தொடக்கத்தில் குடியேற்றச் சட்டம் மாறியபோது, விசுவாசப் பிரமாணம் செய்தாலன்றிப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை என்று கூறிவிட்டனர். அவர் பிரமாணம் செய்ய மறுத்து, 1962-இல் தந்தை வழியாக ஐரிஷ் குடியுரிமை பெற்றார். அந்நிய மண்ணில் பட்டாளத்தார் வீட்டில் பிறந்ததன் விளைவு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவரைத் தேடி வந்தது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். தென்னாட்டிலிருந்து பிழைப்பை நாடி வந்து நம்மவர் தங்கிய ஊர்களில் பல, பட்டாளத்தால் உண்டான ஊர்களே. பெங்களூர்த் தண்டு, செகந்திராபாத், நாகபுரியை அடுத்த காம்ப்டி ஆகியவை யாவும் சென்னைப் படை முகாமிட்ட இடங்கள். துருப்புகளின் பின்னே கடைக்காரரும், குமாஸ்தாக்களும், சமையற்காரரும் குடும்பத்தோடு வந்தனர். ரயில்வேக் குடியிருப்புகளிலோ, அதே துருப்புகளின் சந்ததியாரான ஆங்கிலோ-இந்தியர் நமக்கு அண்டை வீட்டார். அவர்களுடைய தேடல் சில வேளைகளில் நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது.

நம்முடன் பணியாற்றிய அத்தகைய நண்பர் ஒருவர், தம் தாயாருடைய தாத்தா பிறந்த விவரம் அறிய விரும்பினார். முதலில் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, வெறுங்கையோடு திரும்பினார். திரும்பாமல் என்ன செய்வது? கிறிஸ்தவர், ஐரோப்பியர் முதலியோரின் பிறப்பைச் சர்க்காரில் பதிவதற்கான சட்டம் 1886-இல்தான் வந்தது. அதுவும் விரும்பியவர் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில்தான். நாடு முழுமைக்கும் ஒரே விதமான கட்டாயப் பதிவு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வந்ததே. அதற்கு முற்பட்ட பட்டாளத்துக் குழந்தையைத் தேட வேண்டிய இடம் மாதாகோயில். தேட வேண்டிய ஏடு ஞானஸ்நானப் புத்தகம்.

சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753-இல் மணம் புரிந்துகொண்டது அங்கேதான். கல்கத்தாவுக்கு அடிகோலிய ஜாப் சார்னாக், இந்தியப் பெண்மணியிடம் பெற்ற தம் மூன்று புதல்வியருக்கு 1689-இல் ஞானஸ்நானம் செய்வித்ததும் அதே ஆலயத்திலே. இத்தகைய ஏடுகள் கரையானுக்கும் மழைக்கும் இரையாகாமல் இன்று நமக்குக் கிட்டுவதற்குக் காரணம் கும்பெனியாரின் கணக்குப் புத்தியே எனலாம். ஒவ்வொரு பாதிரியாரும் தம் ஆலயத்தில் நிகழ்ந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பிரதி எழுதி அனுப்ப வேண்டும் என்ற நியமம் ஏற்பட்டது. அப்பிரதிகள் கப்பலேறி லண்டன் சேர்ந்தன. சென்னை ராஜதானிக்கு 1698 முதலும், பம்பாய்க்கு 1709 முதலும், வங்காளத்துக்கு 1713 முதலும், 1948 வரையில் உள்ள தொகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளோடு இருக்கின்றன. அவற்றுள் பெரும் பகுதி படமெடுக்கப்பட்டுவிட்டது. 2014 முதல் கட்டணம் செலுத்திக் கணினியிலேயே காணலாம். நம் நண்பர் லண்டன் போகவில்லை. மகளுடைய கணினியின் முன்னே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்தார்.

ஆயினும் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊர் எந்த மாகாணத்தில் இருந்தது என்று பார்ப்பதிற் பயனில்லை; அவ்வூரில் எந்தப் படை இருந்தது என்பதே கேள்வி. காம்ப்டி மத்திய மாகாணத்து ஊர். ஆனால் அங்கே தங்கியது சென்னைப் படை. ஆகையால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த சிப்பாய்ப் பிள்ளையைச் சென்னைத் தொகுதியில் தேட வேண்டும். செகந்திராபாத் நிஜாமின் ராஜ்யத்தில் இருந்ததாயினும் அதன் கதையும் அதுவே. பர்மாவோ, 1877-இல் ரங்கூனுக்குத் தனிப் பிஷப் ஏற்படும் வரை கல்கத்தாப் பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆகவே மோல்மேனில் பிறந்த குழந்தையின் பெயர் வங்காளத் தொகுதியில் அகப்படுவது வியப்பன்று.

இன்னொன்று, தகப்பனார் கும்பெனிப் பட்டாளமா, ராஜாவின் பட்டாளமா என்பது. ராஜாவின் ரெஜிமெண்டுகள் ஊர் ஊராக, தேசம் தேசமாக மாறிச் செல்பவை. ஒரு வீட்டில் மூத்த பிள்ளை ஜிப்ரால்டரிலும், அடுத்தது கொழும்பிலும், கடைக்குட்டி திருச்சிராப்பள்ளியிலும் பிறந்திருக்கும். இவர்களுக்காக ரெஜிமெண்டுகளே வைத்திருந்த பிறப்பு ரிஜிஸ்தர்கள் 1761 முதல் 1924 வரை உள்ளன; சேனைப் பாதிரிமார் அனுப்பிய பதிவுகள் 1796 முதல் 1880 வரை தனியே உள்ளன. இரண்டும் இங்கிலாந்துப் பதிவாளர் தலைமை அலுவலகத்தின் வசம். அகராதியில் பெயர் கண்டு, எண்ணைக் குறித்தனுப்பிப் பணம் கட்டினால் சான்றிதழ் வரும்.

கும்பெனியின் சொந்த ஐரோப்பியப் படைகளோ 1858-க்குப் பின் ராணியின் சேனையிற் கலந்துவிட்டன, பெயர்களும் மாறின. சென்னை பியூசிலியர் என்ற பழைய படை 1881-இல் டப்ளின் பியூசிலியரின் முதற் பட்டாலியன் ஆயிற்று. 1922-இல் அதுவும் கலைக்கப்பட்டது. ‘எங்கள் பாட்டனார் டப்ளின் பட்டாளம்’ என்று குடும்பத்தில் வழங்கி வரும் சொல்லுக்குள் ஆர்க்காட்டு யுத்தகாலத்துச் சென்னைப் படை ஒளிந்திருக்கலாம்.

அயர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர் மிகப் பலர். அவர்களுடைய நாட்டில் 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணச்சாலை தீப்பற்றி எரிந்தது. ஆங்கிலிக்கன் சபை ஏடுகளிற் பாதிக்கு மேல் சாம்பலாயின. ஆக, அயர்லாந்திலே பிறந்த தந்தையின் ஞானஸ்நானப் பதிவு அழிந்துபோயிருக்க, திருச்சியிலே பிறந்த பிள்ளையின் பதிவு பத்திரமாக இருக்கிறது! 1940-இல் லண்டன்மீது விழுந்த ஜெர்மானியக் குண்டினால் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் ஊழியக் காகிதங்களிற் பெரும் பகுதி எரிந்ததும் இவ்வகைத்தே. அக்காலத்து வீரனைத் தேடுவோர்க்கு, அவன் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவே சில சமயம் எஞ்சும் ஒரே சாட்சி.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. அதில் என்ன இருக்கும்? குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தகப்பனார் பெயர், அவருடைய பதவி, படை, இருந்த ஊர், சடங்கு செய்த பாதிரியார் கையொப்பம் ஆகியவை இருக்கும். இரண்டு தேதிகளையும் குழப்பிக் கொள்ளலாகாது. பாதிரியார் இல்லாத சிறு முகாமில் பிறந்த குழந்தைக்கு மாதக் கணக்கிலே, சில வேளை ஆண்டுக் கணக்கிலே கழித்துத்தான் ஞானஸ்நானம் நடந்திருக்கும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் நடந்ததும் உண்டு. தாயின் பெயரோ ‘மேரி’ என்றோ ‘ஆன்’ என்றோ ஒற்றைச் சொல்லாக நிற்கும். அதற்கு முன் அவள் யார், எவர் மகள் என்ற சேதி கிடையாது. சில பக்கங்களில் அந்த ஒற்றைச் சொல்லும் இல்லை.

இங்கேதான் நம் நண்பர் தடுமாறி நின்றார். பாட்டனாரின் தகப்பனார் பீரங்கிப் படைக்காரர் என்பது தெளிவாயிற்று; செகந்திராபாத் என்ற ஊரும் தெரிந்தது. தாய் என்ற இடத்தில் ‘மேரி’. அவருடைய வயது முதிர்ந்த அன்னையார் அறிய விரும்பியதோ அந்த மேரியையே. வீட்டில் தலைமுறையாக வைக்கும் மிளகு ரசமும், குழந்தையைத் தூங்க வைக்கும்போது பொருள் தெரியாமலே பாடிவரும் தமிழ்த் தாலாட்டும் அந்த அம்மையாரிடமிருந்து வந்தவை என்பது குடும்ப நம்பிக்கை. அதற்கு அடுத்த படி விவாகப் பதிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த படிவங்களில் மணமக்களின் தந்தையர் பெயருக்கும் இடம் உண்டு. அதையும் தேடி எடுத்தார். மணமகனின் தந்தை பெயர் இருந்தது. மணமகளின் தந்தை பெயருக்குரிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. அன்னையார் அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்துவிட்டு, “அவள் நம்மவள்தான்” என்றாராம். அது சான்றாகாது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும். எனினும் அவரை மறுத்துரைக்க நமக்கு மனம் வரவில்லை.

தாயின் பெயர் மாறிக்கொண்டே இருப்பது வேறொரு சங்கடம். பட்டாளத்தில் மனைவியோடு வாழ அனுமதி பெற்றவர் சிலரே. அனுமதி இன்றி மணந்தவள் ரேஷனுக்கு உரியவள் அல்லள். கணவன் காலராவில் மாண்டால், சில மாதங்களுக்குள் வேறொருவனை மணந்தாலொழிய அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டாளத்தில் இடம் இல்லை. ஆகவே ஒரே பெண் இரண்டு மூன்று விவாகங்களில் தென்படுவாள். முதற் கணவனின் பிள்ளை சிற்றப்பன் பெயரைச் சுமந்து வளர்ந்திருப்பான். இத்தகைய முடிச்சை அவிழ்க்க, லண்டனை அடுத்த கியூ என்னுமிடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள படை வருகைப் பட்டியல்கள் உதவும். 1868-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் அவற்றில் மணமானவர் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. தகப்பனற்ற பிள்ளைகளாயின் அநாதைச் சாலைகளின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். சென்னையில் பெண்களுக்கு 1787-இலும் ஆண்களுக்கு 1789-இலும் அத்தகைய சாலைகள் ஏற்பட்டிருந்தன.

நம் தமிழ்ச் சிப்பாய்களின் வீட்டுப் பிள்ளைகள் என்னவாயினர் என்று கேட்பீர்கள். சென்னைப் படை வீரர் பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று காவல் இருந்தனர். தண்டுகளில் மனைவி மக்களோடு வாழ்வதும் சென்னைப் படைக்கு வழக்கம். ஆனால் இந்து, முஸ்லிம் சிப்பாயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஏது, லண்டனுக்குப் பிரதி ஏது? வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மூன்று இடங்களில் பதிவு. அதே முகாமில் அதே மாதம் பிறந்த சிப்பாயின் பிள்ளைக்கு ஓரிடத்தும் இல்லை. தகப்பனின் பெயரும் ஊரும் பென்ஷன் காகிதத்திலோ பட்டாளத்து விடுதலைப் பத்திரத்திலோ இருந்தால் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர் வீடாயின், அவர்கள் சேர்ந்திருந்த சபையின் ஏட்டிலே பார்க்கலாம். அவ்வேடு பெரும்பாலும் அவ்வூர் ஆலயத்தின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கும். ஆலயத்துக்கு எழுதுவோர் குழந்தையின் பெயர், தகப்பனார் பெயர், படையின் பெயர், உத்தேச ஆண்டு ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்து, முன்னும் பின்னும் ஐந்தாண்டுகள் பார்க்குமாறு கேட்பது நலம். பெயரின் எழுத்து மாறியிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ‘முத்து’ என்ற ஒரு பெயரை நாலு பாதிரிமார் நாலு விதமாக எழுதியிருப்பதை நாமே கண்டிருக்கிறோம்.