மலை ஏறிய வண்டிகள் – 9: மீட்டர் விழுங்கும் கிலோமீட்டர்கள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் என்று பழனி மலையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பழைய ஜீப் கண்ணில் படும். காப்பி மூட்டையும் வாழைத்தாரும் சுமந்தே வயதான வண்டி. பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் வந்திருக்கும். ஆக்சில் மாறியிருக்கும். டயர் பெருத்திருக்கும். ஆனால் ஸ்பீடாமீட்டர் கேபிளின் கீழ்நுனியில் உள்ள சிறு பல்சக்கரத்தை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வாடகையைக் கிலோமீட்டர் கணக்கில் பேசும் மலையில் இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

சென்ற வாரம் கிரவுன் பினியனைப் பார்த்தோம். மீட்டரின் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வில்லிஸ் ஜீப்பில் கேபிளைச் சுற்றுவது சக்கரம் அல்ல, பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், அந்த ஷாஃப்ட் புறப்படும் இடத்தில், திருகுப் புரி கொண்ட ஒரு வார்ம் இருக்கிறது. அதோடு கடித்துக்கொண்டு சிறு பல்சக்கரம் சுழல்கிறது. ‘லோ’ கியர் போட்டு ஊர்ந்தாலும் மீட்டர் பிசகாததற்குக் காரணம் இதுதான்: கியர் குறைப்பெல்லாம் முடிந்த பிறகே கணக்கு எடுக்கப்படுகிறது. ஷாஃப்டுக்குப் பின்னால் இருப்பவை இரண்டு, ஆக்சில் ரேஷியோவும் டயரும். இவற்றில் எதை மாற்றினாலும் மீட்டர் தப்பும்.

போர்க்கால வில்லிஸின் ஆக்சில் ரேஷியோ 4.88, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.88 முறை சுற்றும். போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்புகளிலும், மகிந்திரா இங்கே கட்டிய சிஜே 3பி வண்டியிலும் 5.38. டயர் 6.00-16. பாரத்தோடு அந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 455 சுற்று, ஷாஃப்ட் சுமார் 2,445 சுற்று. அந்தக் காலத்து அமெரிக்க மீட்டருக்கு மைலுக்கு 1,000 கேபிள் சுற்று வேண்டும், அதாவது கிலோமீட்டருக்கு 621. வார்மில் 4 புரி இருந்தால் பல்சக்கரத்துக்கு 16 பல் பொருத்தமாக வரும்.

இப்போது டீசல் எஞ்சின் வருகிறது. அது பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேகமாகச் சுழலாது. சமவெளிக்கு இறங்கினால் 5.38 ஆக்சிலில் எஞ்சின் அலறும், வண்டி நகராது. அதனால் முன்னும் பின்னும் 4.88 மாட்டுகிறார்கள். கல்லுக்கும் சேற்றுக்கும் உயரம் வேண்டும் என்று 7.00-16 டயர் போடுகிறார்கள். அது சுமார் 7 சதவீதம் பெரிய டயர். இரண்டும் சேர்ந்தால் ஷாஃப்ட் கிலோமீட்டருக்கு 2,074 சுற்றுதான் சுற்றும், அதே 16 பல்லில் கேபிள் 518 சுற்று. கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். இந்த வண்டியின் மீட்டரில் அது 67. ஒரு நடைக்கு 13 கிலோமீட்டர் கூலி டிரைவர் கையைவிட்டுப் போகிறது. ஆயில் மாற்றும் தவணையும் அதே அளவு தள்ளிப்போகிறது.

பரிகாரம் 13 பல் அல்லது 14 பல். பதின்மூன்று போட்டால் மீட்டர் 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும், பதினான்கு போட்டால் 5 சதவீதம் குறைவாகக் காட்டும். நான் பதின்மூன்றைத்தான் சொல்வேன். பிசகு சிறியது, முள் உண்மை வேகத்துக்குக் கீழே நிற்காது. ஆனால் பயணியிடம் வாடகை பேசும்போது அந்த 3 சதவீதத்தைக் கழித்துக்கொள்வதுதான் நியாயம். பல் கிடைக்காவிட்டால் கேபிள் நடுவே மாட்டும் சிறு ரேஷியோ பெட்டி உண்டு.

டயரின் மேல் அச்சிட்ட அளவை மட்டும் நம்பிக் கணக்குப் போடக்கூடாது. தேய்மானமும் காற்றும் அதை மாற்றிவிடும். வண்டியையே கேட்பதுதான் வழி. மலையில் சமதளம் கிடைப்பது அரிது. விடிகாலையில் கொடைக்கானல் ஏரிச் சாலையில், மேடுபள்ளம் இல்லாத ஒரு துண்டு போதும். மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். சாலையில் 20 மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியை நியூட்ரலில் ஒருவர் மெல்லத் தள்ள, இன்னொருவர் கொடியின் சுற்றை எண்ண வேண்டும். பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் சரி. நாம் பார்த்த வண்டியில் பத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். மாற்று மீட்டர் மாட்டிய வண்டிக்கு இந்த எண் வேறாகலாம். பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் மீட்டர்களில் அந்த எண்ணை டயலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

“வளைவு ஜாஸ்திங்க, அதான் மீட்டர் தப்புது” என்று பெருமாள்மலை பக்கம் சொல்வார்கள். அப்படி இல்லை. கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றும். ஷாஃப்டுக்கு வருவது இரண்டின் சராசரி. டிஃபரன்ஷியல் அந்தக் கணக்கைத் தானே சரி செய்துவிடுகிறது. சேற்றில் சக்கரம் வெறுமனே சுழன்றால் மட்டுமே கிலோமீட்டர் பொய்யாக ஏறும்.

பல்சக்கரம் வாங்கும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மீட்டருக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரங்களால் நேராக நகர்பவை, கேபிள் சுற்றினால் அவை ஏமாற்றாது. முள்ளோ, சுழலும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மயிர்ச்சுருள் தடுக்க, இரண்டுக்கும் நடுவே நிற்பது. ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. காந்தம் வலுவிழந்தாலும் சுருள் தளர்ந்தாலும் முள் தப்பும். அதனால் வத்தலக்குண்டு சாலையின் கிலோமீட்டர் கற்களோடு முதலில் எண்களை ஒப்பிடுங்கள். எண் சரி, முள் மட்டும் தப்பு என்றால் பல்சக்கரத்தைத் தொடாதீர்கள், மீட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். இரண்டும் ஒரே அளவு தப்பினால் பல்லை எண்ணுங்கள். முள் நடுங்கினால் கேபிள் வறண்டிருக்கிறது. கிரீஸ் போடும்போது மேல்நுனியில் நாலு விரற்கடையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த வாரம்: இறக்கத்தில் சூடேறும் பிரேக் டிரம்.