‘ஹனீத்’: கலமின்றிச் சமைத்தல் குறித்துச் சில குறிப்புகள்

தேனாம்பேட்டையையும் அதனைச் சுற்றிய வட்டாரங்களையும் சார்ந்த அரபு உணவகங்களில் இன்று ‘மந்தி’ உண்போர் பலர். அதே உணவுப்பட்டியலில் சற்றுக் கீழே ‘ஹனீத்’ என்றொரு பெயரும் காணப்படுவதுண்டு. யமன் நாட்டு இறைச்சி உணவு என்ற அளவில் அதனை நாம் அறிவோம். அச்சொல் திருமறையில் இடம்பெற்ற சொல் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வானவர்கள் விருந்தினராக வந்தபோது, அவர்கள் காலம் தாழ்த்தாது கொண்டுவந்து வைத்த கன்றின் இறைச்சியை அல்குர்ஆன் (11:69) ‘ஹனீத்’ எனக் குறிக்கின்றது. சூடேற்றிய கற்களின் மீது, பெரும்பாலும் குழியில் வைத்து, வாட்டப்பட்டது என விரிவுரையாளர்கள் பலர் இதற்குப் பொருள் கூறுவர். அவ்வாறு சூடேற்றிய கற்களுக்கு அரபியில் ‘ரள்ஃப்’ எனத் தனிப்பெயரே உண்டு. பானையும் சட்டியும் இன்றி நடைபெறும் சமையல் இது. குழியில் விறகெரித்துக் கற்களைக் காய்ச்சி, சுடர் அடங்கிய பின் இறைச்சியை இட்டு, மேலே தழையும் மண்ணும் கொண்டு மூடிவிடுவர். கல் தான் உண்ட வெப்பத்தை மெல்ல மெல்லத் திருப்பித் தருகின்றது. இறைச்சியின் நீரோ ஆவியாகி வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று அதனை வேகவைக்கின்றது. ஆதலால் தீயில் நேரே காட்டியது போல் கருகுவதில்லை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆற்றுப்படுகையில் எடுத்த ஈரக்கற்களை இதற்குப் பயன்படுத்தலாகாது. உள்ளே தேங்கிய நீர் ஆவியாகிக் கல்லைச் சிதறடிக்கும்.

சுடுசாம்பலில் புதைத்துச் சுட்ட ரொட்டியும் அரபுப் பாலைவாசிகளின் பழைய உணவாகும். ‘மல்லா’ என்பது அச்சாம்பலின் பெயர். நம் நாட்டில் பனம்பழத்தையும் பனங்கிழங்கையும் தீயிலிட்டுச் சுடுவோர்க்கு இது புதிதன்று. தோலே அங்குக் கலமாகி விடுகின்றது.

நெருப்பைப் பற்றிப் பேசும் இறைவசனங்கள் (56:71-73) அதனை ‘முக்வீன்’களுக்குப் பயனளிப்பது என்கின்றன. ஆளில்லா வெளியில் பயணம் செய்வோர் எனவும், பசித்தோர் எனவும் இச்சொல்லுக்குப் பொருள் உரைக்கப்பட்டுள்ளது. இவ்விரு பொருளும் ஒருவரிடத்திலேயே கூடிவிடும் காட்சியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரை நோக்கிச் சென்ற முந்நூறு பேர், உணவு தீர்ந்தபின் மரத்தின் இலைகளை உதிர்த்து உண்டனர். அதனாலேயே அப்படை ‘கபத்’ படை எனப் பெயர் பெற்றது. பின்னர் கரையொதுங்கிய பெருமீன் ஒன்று அவர்களுக்கு உணவாயிற்று.

தமிழகத்தில் இக்கலையின் உரிமையாளர் மலைவாழ் மக்களே. உழவர் உழாமலே பறம்புமலை தரும் விளைவுகள் நான்கெனப் புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் எண்ணுகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பழனி மலைப் பளியர் அந்த வள்ளிக்கிழங்கைத் தோண்டி உண்டு வாழ்ந்தவர்களே. பச்சை மூங்கில் குழாயில் நீருடன் உணவை இட்டு நெருப்பில் சாய்த்து வைப்பதும் மலைமக்கள் அறிந்த முறை. உள்ளே நீர் இருக்கும் வரை குழாயின் உட்புறம் 100 பாகை அளவிலேயே நிற்பதால் அது விரைவில் தீப்பற்றுவதில்லை. ஆயினும் காட்டுக்கிழங்கு யாவும் சுட்ட மாத்திரத்தில் உணவாகிவிடும் எனக் கொள்ளலாகாது. சில வகைகளில் நச்சுப்பொருள் உண்டு. அவற்றைச் சீவி, ஓடும் நீரில் நெடுநேரம் ஊறவைத்த பின்னரே சமைப்பர். எதனைச் சுடலாம், எதனை ஊறவைக்க வேண்டும் என்னும் அறிவு எழுத்தில் ஏறாதது. மூத்தோருடன் காட்டில் நடந்தே இளையோர் அதனைப் பெறுகின்றனர். அந்நடை நின்றுவிடுமாயின் கிழங்கு இருந்தும் பயனில்லை.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன் வைக்கப்பட்ட ‘ளப்பு’ ஒன்று, ‘ஹனீத்’தின் வேரிலிருந்தே பிறந்த ‘மஹ்னூத்’ என்ற சொல்லால் குறிக்கப்படுகின்றது. அது தம் சமூகத்தாரின் நிலத்தில் இல்லாதது என்று கூறி அண்ணலார் உண்ணவில்லை. விலக்கப்பட்டதன்று எனவும் தெளிவுபடுத்தினார்கள். காலித் பின் வலீத் (ரலி) உண்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபு இதனை அனுமதிக்க, ஹனஃபி மத்ஹபு வெறுக்கின்றது.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘ளப்பு’, ‘உடும்பு’ எனவே பெயர்க்கப்பட்டு வருகின்றது. இது பொருந்தாது என்பது நம் கருத்து. ளப்பு முள்வால் கொண்ட பாலைப் பிராணி; பெரும்பாலும் தாவரமே உண்பது. உடும்போ பிற உயிர்களைப் பிடித்துத் தின்பது. அரபியர் அதனை ‘வரல்’ என வேறு பெயரால் அழைப்பர். இரண்டின் சட்டநிலையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. தவிரவும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. அதனைப் பிடிப்பதே குற்றம். மொழிபெயர்ப்பாளர்கள் ‘ளப்பு’ என்ற சொல்லையே நிறுத்தி, முள்வால் பல்லி என அடிக்குறிப்பு இடுவார்களாயின் வாசகர் தவறான முடிவுக்குச் செல்லமாட்டார்.