கூட்ஸ் வண்டிக்குக் காத்திருந்தோம்!

ரயிலுக்குக் காத்திருப்பவர்களை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். மூட்டை முடிச்சு, தண்ணீர்ப் பாட்டில், தூங்கி வழியும் குழந்தை, "எவ்வளவு நேரம் லேட்டாம்?" என்ற கேள்வி, இவையெல்லாம் அவர்களுடைய அடையாளங்கள். ஆனால், ஏறிப் போவதற்கும் இல்லாமல், எவரையும் வரவேற்பதற்கும் இல்லாமல், சும்மா ஒரு கூட்ஸ் வண்டியைப் பார்ப்பதற்கென்றே காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், சென்ற மாதம் புதுச்சேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பகல் முழுவதும் அவர்களோடு உட்கார்ந்தும் இருந்தேன்.

அவர்கள் மூன்று பேர். ஒருவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன். இன்னொருவர் பாங்கு குமாஸ்தா. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாமவர் ஓய்வு பெற்ற எஞ்ஜின் டிரைவர். நீராவி எஞ்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக வேலைக்குச் சேர்ந்து, டீசல் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்ற இருவரும் அவரைத் தாத்தா என்றே அழைத்தார்கள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"மூவர்ண எஞ்ஜின் வருது சார்!" என்றான் மாணவன். கல்யாண மாப்பிள்ளை வருகிறான் என்று சொல்லும்போதுகூட யாரும் அவ்வளவு உற்சாகத்துடன் சொல்லிக் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். மகாத்மா காந்தியின் 150-வது பிறந்த ஆண்டான 2019-ல், நமது ரயில்வேயில் பல எஞ்ஜின்களின் பக்கங்களில் மூவர்ணம் தீட்டி, காந்தியடிகளின் உருவத்தையும் வரைந்தார்கள். அப்படி வர்ணம் பூசிய டீசல் எஞ்ஜின் ஒன்று அரிசி ஏற்றிய கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு வருவதாக, காட்பாடியிலிருந்து ஒரு நண்பர் விடியற்காலையில் செல்போனில் தகவல் அனுப்பியிருந்தார். ஒன்பது மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து இன்னொரு தகவல். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை!

பாஸஞ்சர் வண்டி என்றால் கால அட்டவணை உண்டு. எங்கே வருகிறது என்று செல்போனே சொல்லிவிடும். கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வழி கிடைத்தால் வரும். எக்ஸ்பிரஸ் வண்டி குறுக்கிட்டால் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும். அதிலும் விழுப்புரம் இருக்கிறதே, அது ஐந்து திசைகளுக்குப் பாதை பிரியும் ஜங்ஷன். செங்கல்பட்டு, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி! அங்கே எஞ்ஜினைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிட்டால் அவ்வளவுதான். அரிசி புதுச்சேரிக்கு வரும், மூவர்ணம் மயிலாடுதுறைக்குப் போய்விடும்.

"இதற்கா ஒரு நாள் லீவு?" என்று நான் குமாஸ்தாவைக் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம்முடைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பதினைந்து வருஷமாக அவர் கண்ணில் பட்ட எஞ்ஜின்களின் எண், வகை, ஷெட்டின் பெயர், பார்த்த தேதி, என்ன வர்ணம் என்பது எல்லாம் முத்து முத்தான எழுத்தில் இருந்தன.

எஞ்ஜினின் நெற்றியிலும் விலாவிலும் எழுதியிருக்கும் எழுத்துக்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதற்கு அர்த்தம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. 'டபிள்யூ' என்றால் அகலப் பாதை. அடுத்து 'டி' வந்தால் டீசல். 'ஏ' வந்தால் மின்சாரம். மூன்றாவதாக 'பி' வந்தால் பயணி வண்டிக்கு, 'ஜி' வந்தால் கூட்ஸுக்கு, 'எம்' வந்தால் இரண்டுக்கும். ஆக, டபிள்யூ.டி.ஜி. என்று எழுதியிருந்தால் அது அகலப் பாதையில் ஓடும் டீசல் கூட்ஸ் எஞ்ஜின். ஜாதகமே அடங்கிவிட்டது!

"பொன்மலை, ஈரோடு, எர்ணாகுளம்னு ஒவ்வொரு டீசல் ஷெட்டும் தனக்குன்னு ஒரு வர்ணம் வெச்சிருந்தது சார். தூரத்திலே வரும்போதே எந்த ஊர் எஞ்ஜின்னு சொல்லிடலாம். இப்போ பாதையெல்லாம் மின்சாரமாகிறது. டீசல் குறையுது. அந்த வர்ணங்களை யார் எழுதி வெக்கிறாங்க?" என்றார் குமாஸ்தா.

எனக்கு நறுக்கென்று தைத்தது. ஊர்க் கோயில் தேரின் சிற்பத்தைப் படமெடுத்து வைப்பவரை ஆராய்ச்சியாளர் என்கிறோம். எஞ்ஜினின் வர்ணத்தைக் குறித்து வைப்பவரைப் பைத்தியம் என்கிறோம்!

எஞ்ஜினுக்கு அலங்காரம் செய்வது நமக்குப் புதிதா என்ன? ஆயுத பூஜையன்று ஷெட்டுகளில் எஞ்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை எல்லாம் உண்டு. பெயர் சூட்டுவதும் உண்டு. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950-ல் முதன்முதலாகத் தயாரான நீராவி எஞ்ஜினுக்கு 'தேசபந்து' என்று பெயர். அது கூட்ஸ் வண்டி இழுப்பதற்கென்றே பிறந்த எஞ்ஜின் என்பது கவனிக்கத் தக்கது. 1961-ல் அதே தொழிற்சாலையின் முதல் மின்சார எஞ்ஜினுக்கு 'லோகமான்யா' என்று பெயரிட்டு, நேருஜி ஓட விட்டார்.

அமெரிக்காவில் இந்த மோகம் இன்னும் அதிகம். 2012-ல் நார்ஃபோக் ஸதர்ன் என்ற ரயில் கம்பெனி, தன்னோடு இணைந்து மறைந்துபோன பழைய கம்பெனிகளின் வர்ணங்களை 20 எஞ்ஜின்களுக்குப் பூசி, சாதாரண கூட்ஸ் வண்டிகளில் மாட்டி அனுப்பியது. ரசிகர்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் துரத்தினார்கள். யூனியன் பஸிபிக் கம்பெனி 2005-ல் 4141 என்ற எஞ்ஜினுக்கு, ஜனாதிபதியின் விமானத்துக்கு உள்ள வர்ணத்தையே பூசியது. மூத்த ஜார்ஜ் புஷ் அந்நாட்டின் 41-வது ஜனாதிபதி. அதனால் அந்த எண். 2018 டிசம்பரில் அவருடைய இறுதிப் பயணத்தில் பெட்டியை இழுத்துச் சென்றதும் அதே எஞ்ஜின்தான்.

புதுச்சேரிப் பாதைக்கும் கூட்ஸ் வண்டிக்கும் பழைய உறவு உண்டு. விழுப்புரத்திலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை, பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1879-ல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. தென்னாற்காட்டு நிலக்கடலை இந்த ஊர்த் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போயிற்று. கடலை போன வழியில் இன்று அரிசி வருகிறது.

மணி மூன்றாயிற்று. வண்டி வரவில்லை. மாணவனின் செல்போன் மணி அடித்தது. அம்மா!

"சாப்பிட்டேம்மா... இல்லேம்மா, பிளாட்பாரத்திலேதான் இருக்கேன்... சத்தியமா தண்டவாளத்துப் பக்கம் போகலேம்மா..."

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். தாத்தா சிரிக்கவில்லை.

"அம்மா கேக்கிறதிலே என்ன தப்பு? தம்பி, நிறைய மூட்டை ஏத்தின ஒரு அரிசி வண்டியிலே சரக்கு மட்டும் சுமார் 2,600 டன் இருக்கும். பிரேக் போட்டா உடனே நிக்க அது என்ன சைக்கிளா? நான் ஒரு தடவை, வளைவிலே ஒரு பையன் நிக்கிறதைப் பார்த்து ஹாரன் அடிச்சேன். பிரேக்கும் போட்டேன்..." என்றவர் அதற்கு மேல் சொல்லவில்லை. பிளாட்பாரத்தின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.

அனுமதியின்றி ரயில் பாதையில் இறங்குவது 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அது இருக்கட்டும், சட்டத்தைவிட அந்த மௌனம் எங்களை அதிகம் மிரட்டியது.

இங்கிலாந்திலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1942-ல் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், எஞ்ஜின்களின் எண்களைத் தொகுத்துச் சின்னப் புத்தகமாகப் போட்டார். நாடெங்கும் சிறுவர்கள் நோட்டும் பென்சிலுமாகப் புறப்பட்டுவிட்டார்கள். 1944-ல் டாம்வொர்த் என்ற ஊரில் சில பையன்கள் தண்டவாளத்தில் புகுந்து தகராறு ஆகவே, அவர் ஒரு சங்கம் அமைத்தார். ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைய மாட்டோம் என்று உறுதி சொல்பவர்களுக்கே அதில் இடம்.

ஐந்தரை மணிக்கு, மேற்கே ஹாரன் ஒலித்தது. மூவரும் எழுந்து நின்றார்கள். நானும்தான்!

மாலை வெயிலில் மெதுவாக நகர்ந்து வந்தது வண்டி. அடடா! மூவர்ணமேதான்! வெயிலிலும் மழையிலும் சாயம் வெளுத்து, புகையும் புழுதியும் படிந்திருந்தாலும், விலாவில் காந்தியடிகளின் உருவம் இருப்பது தெரிந்தது. ஆனால் என்ன துரதிர்ஷ்டம்! நாங்கள் நின்ற இடத்துக்கு வராமல், தள்ளியிருந்த பாதைக்குப் போய், வேறு வாகன்களின் மறைவில் நின்றுவிட்டது. பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கிப் பத்தடி நடந்தால் போதும், அருமையான படம் கிடைக்கும். வெளிச்சமோ நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்துகொண்டிருந்தது.

மாணவன் சரிவு வரையில் ஓடினான். கால் தயங்கிற்று. திரும்பிப் பார்த்தான்.

தாத்தா அதட்டவில்லை. "தம்பி, இது கடைசி ஸ்டேஷன். இதுக்கு மேலே சமுத்திரம்தான். வந்த எஞ்ஜின் திரும்பித்தானே ஆகணும்? நீராவி காலத்திலேயாவது திருப்பு மேடையிலே வெச்சுச் சுத்தணும். இது எந்தப் பக்கமும் ஓடும். கொஞ்சம் பொறு" என்றார்.

பையன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். காமிராவை மடியில் வைத்துக்கொண்டான். முகத்தில் அழுகை தேங்கி நின்றது.

இருபது நிமிஷம் ஆயிற்று. எஞ்ஜினை மட்டும் கழற்றினார்கள். அது முன்னே போய், பாதை மாறி, விழுப்புரத்துப் பக்கம் போவதற்காகப் பிளாட்பாரத்தை ஒட்டிய பாதையில் மெல்ல மெல்ல வந்தது. கடைசி வெளிச்சம் அந்த வெளுத்த மூவர்ணத்தின் மேல் விழுந்தது. ஜன்னல் வழியே டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார்; காமிராவைக் கண்டதும் சிரித்தபடி கையை ஆட்டினார். எங்கள் தாத்தாவின் கையும் தானாகவே உயர்ந்தது.

குமாஸ்தா நோட்டில் எண்ணையும் நேரத்தையும் குறித்தார். மாணவன் எடுத்த படத்தைப் பார்த்தேன். காந்தியடிகளும் இருந்தார், கையை ஆட்டும் டிரைவரும் இருந்தார். பத்தடி இறங்கிப் போய் எடுத்திருந்தால் டிரைவரின் சிரிப்பு கிடைத்திருக்காது.

செல்போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை பையன் முந்திக்கொண்டான்.

"அம்மா, வந்துடுச்சு! பிளாட்பாரத்திலேயே வந்துடுச்சும்மா!"