கரி மூட்டத்தில் காற்றும் அழுத்தமும்

பூந்தமல்லி, ஆவடி வட்டார உழவர்களே! தரிசில் மண்டிய சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுகையில், ஒரே அளவு விறகில் ஒருமுறை கரி கூடுகிறது, மறுமுறை குறைகிறது. ஏன்?

விறகோ நிலக்கரியோ, காற்றுப் போதாமல் சூடேறும்போது எரிந்து தீர்வதில்லை. நீராவியும் தாரும் எரிவாயுக்களும் பிரிந்து கரி எஞ்சுகிறது. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இம்முறையிலேதான் 'லெக்கோ' அடுப்புக்கரியை முன்பு தயாரித்தது.

மூட்டத்தினுள் ஆக்சிஜன் புகுந்தால் கரி சாம்பலாகும். செந்தணல் நிலையில் நீராவியும் கரியமில வாயுவும்கூடக் கரியைத் தின்னும். அழுத்தம் கூடினாலோ, தார் ஆவி வெளியேறத் தாமதித்து, உள்ளேயே சிதைந்து கரியாகப் படியும், கரி கூடும். ஆனால் அதற்கு ஆலைகளிலுள்ள தடித்த கலன்கள் வேண்டும். பீப்பாயை இறுக மூடிச் சூடாக்காதீர்கள், வெடிக்கும்.

மூட்டத்தில் விரிசல் கண்டால் உடனே ஈரமண்ணால் அடையுங்கள். முதலில் வரும் வெண்புகையில் நீராவியே மிகுதி. புகை மெலிந்து நீலமானதும் எல்லாத் துளைகளையும் மூடுங்கள். முழுதும் ஆறிய பின்பே பிரியுங்கள். சூட்டோடு திறந்தால் கரி மீண்டும் பற்றிக்கொள்ளும்.

புகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு உண்டு. புகை மேலே படாதவாறு, காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். கரி கூடுவதைவிட உயிர் பெரிது.