ஆற்றில் கலந்த நஞ்சு யாருடையது?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அருவியைப் பார்க்காதவர்கள் கிடையாது. அந்த மலைத் தண்ணீர்தான் மஞ்சளாறாகவும் பாம்பாறாகவும் இறங்கி வைகைக்குப் போகிறது. மேலே எது கலந்தாலும் அது அடிவாரத்துக்கு வந்தே தீரும்.

2001 மார்ச் மாதம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் தேடிப்போனார்கள். தடம் ஹிந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையில் போய் நின்றது. ஆலையை ஒட்டிப் பாம்பாறு சோலை. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்ததோ 2016இல்தான்.

கதிரியக்கப் பொருளும் இப்படிப் பழைய இரும்புக் கடைக்கு வந்ததுண்டு. 2010இல் டெல்லி மாயாபுரியில் கோபால்ட்-60 கதிர்வீச்சால் ஒருவர் உயிரிழந்தார். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியில் இருந்தது அது.

கதிரியக்கத்துக்கு நிறமோ மணமோ இல்லை. ஆனால் காமா கதிர் விடும் ஒவ்வொரு கதிரியக்க ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றலோடு அதை வீசும். காமா நிறமாலைக் கருவி அதை வைத்தே ஆளை அடையாளம் காட்டிவிடும். அயோடின்-131 எட்டே நாளில் பாதியாகக் குறையும். தைராய்டு சிகிச்சையில் பயன்படுவது. அது ஆற்றில் தென்பட்டால் கழிவு அண்மையில்தான் கலந்திருக்கிறது, முதலில் மருத்துவமனைச் சாக்கடையைப் பார்க்க வேண்டும் என்று பொருள். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு ஆகும். அணுஉலையிலோ அணுகுண்டுச் சோதனையிலோ பிறப்பது. யுரேனியமும் ரேடியமும் பாறையிலிருந்து இயற்கையாகவும் கசியும்.

தேடும் முறை எளிது. சந்தேகப்படும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. ஓடை வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் இப்படி எடுத்துக்கொண்டே எதிர்நீரோட்டமாக நடக்க வேண்டும். மேலே இல்லாதது கீழே இருந்தால், மூலம் இடையில்தான் இருக்கிறது. தண்ணீர் மட்டும் போதாது. சீசியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். நீர் தெளிந்த பிறகும் வண்டல் காட்டிக்கொடுக்கும். பாட்டிலில் இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; கதிரியக்கமும் பாதரசமும் போகாது. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்ச் சின்னம் உள்ள பெட்டியைத் தொடாதீர்கள், உடைக்காதீர்கள். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். இதை விசாரிக்க வேண்டியது மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.

மற்ற மாசுகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நாமே எடுத்த மாதிரி புகாருக்கு உதவும். ஆலைக் கழிவுநீர் வழக்கில் நிற்பது, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி அதிகாரி எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான். அதை எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். சோதனை அறிக்கையைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். புகாருக்கு உரிய நடவடிக்கை இல்லை என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. சுற்றுச்சூழல் தகராறுக்கு 6 மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக்கு 5 ஆண்டுக்குள்ளும் போக வேண்டும்.

தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல் ஆலைகளும் அடங்கும். ஆனால் மாசுபடுத்தியவர் யார் என்று நிறுவினால்தான் அந்தத் தீர்ப்பு நமக்குக் கைகொடுக்கும். ஆகவே, தண்ணீரில் மாற்றம் தெரிந்த அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள்.