புராஸ்டேட் புற்றுநோய்: யாருக்கு எந்தச் சிகிச்சை?

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறு சுரப்பி. இதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களிடமே காணப்படுகிறது. சிலரிடம் பல ஆண்டுகள் வளராமலே கிடக்கும். சிலரிடம் விரைவில் எலும்புக்குப் பரவிவிடும். எல்லோருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாததற்கு இதுவே காரணம்.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. எனும் புராஸ்டேட் புரதத்தின் அளவு கூடியிருந்தால் உடனே புற்று என்று முடிவுகட்டக் கூடாது. வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும்கூட அது கூடும். நோயை உறுதி செய்வது பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனைதான். அதில் கிடைக்கும் கிளீசன் எண் 6 என்றால் நோயின் வேகம் குறைவு. 8 முதல் 10 வரை என்றால் அதிகம். இந்த எண், பி.எஸ்.ஏ. அளவு, ஸ்கேனில் தெரியும் பரவல், நோயாளியின் வயது, அவருடைய பொது உடல்நலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே சிகிச்சை முடிவாகிறது.

வேகம் குறைந்த நோய்க்குக் கண்காணிப்பே போதுமானதாக இருக்கலாம். குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி செய்து, நோய் வளர்ந்தால் மட்டும் சிகிச்சையைத் தொடங்குவார்கள். பிரிட்டனில் சுரப்பியைத் தாண்டாத நோயுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். அதன் 15 ஆண்டு முடிவுகள் 2023இல் வெளிவந்தன. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதமே. ஆனால் நோய் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் மற்றவற்றைப் போல் சுமார் இரு மடங்கு.

அறுவையில் சுரப்பி முழுவதும் அகற்றப்படுகிறது. அதன்பின் சிலருக்குச் சிறுநீர் கசியும். ஆண்மைக் குறைவும் வரலாம். ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லப்படும் கதிர்வீச்சு, வெட்டாமலே புற்றை அழிக்கிறது. முன்பு ஏழெட்டு வாரம் நீண்ட இது, இப்போது பலருக்கு 20 தடவையில் முடிகிறது. குடல், சிறுநீர்ப்பை எரிச்சல் இதன் பக்கவிளைவு. ஆண்மைக் குறைவு இதிலும் வரலாம்.

பரவிவிட்ட நோய்க்கு ஹார்மோன் சிகிச்சையே அடிப்படை. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று சுருங்கும் என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோனைக் குறைக்க மாதம் ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போடலாம். அல்லது சிறிய அறுவையில் விரைகளை அகற்றிவிடலாம். பின்னதற்கு ஒரே முறைதான் செலவு. ஆனால் அதன் விளைவை மாற்ற முடியாது. இவற்றோடு அபிராட்டிரோன் போன்ற மாத்திரை அல்லது டோசிடாக்சல் கீமோதெரபி சேர்ந்தால் ஆயுள் மேலும் நீள்கிறது. முதுகுவலியோடு திடீரெனக் கால் மரத்தாலோ பலமிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்று தண்டுவடத்தை அழுத்துவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

ராணிப்பேட்டை மாவட்டத்தின் திமிரி வட்டாரத்தினருக்கு, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யும் ரத்தினகிரி அருகிலுள்ள அதன் ராணிப்பேட்டை வளாகமும் எட்டும் தூரத்தில் உள்ளன. காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை. கிளீசன் எண் என்ன, நோய் பரவியிருக்கிறதா, கண்காணிப்பு போதுமா, ஒவ்வொரு சிகிச்சைக்கும் பின் சிறுநீரும் இல்லற வாழ்வும் எப்படி இருக்கும், செலவு எவ்வளவு என்பவற்றை யூராலஜி மருத்துவரிடமும் கதிர்வீச்சு மருத்துவரிடமும் தனித்தனியே கேட்டுத் தெளிந்த பிறகே நோயாளியும் குடும்பத்தினரும் முடிவு செய்ய வேண்டும்.